உரிக்காத வாழைப்பழம்

போன செமஸ்டரில் ஒரு திங்கட்கிழமை காலை. அரக்கோணத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, ஜன்னலோர சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் போனைத் திறந்தேன். எங்கள் கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ. எங்களில் பாதிப் பேர் தினமும் இறங்குகிற ஸ்டேஷனின் படிக்கட்டு (ஸ்டேஷன் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்). படிக்கட்டுக்குக் கீழே கிழிந்த பேன்ட்டோடு, சட்டை இல்லாமல் ஒரு ஆள். சடை பிடித்த முடி. கையை நீட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எதிரே யாரும் இல்லை.

போட்டோவுக்குக் கீழே, "கேர்ள்ஸ் ஜாக்கிரதை. ஸ்டேஷன்ல ஒரு சைக்கோ சுத்துறான். மேக்ஸிமம் ஷேர் பண்ணுங்க."

ட்ரெயின் மோசூர் தாண்டுவதற்குள் முப்பது ரிப்ளை. ஒருத்தன் சிரிக்கிற ஸ்டிக்கர் போட்டான். இன்னொருத்தன், "நாலு பேர் சேர்ந்து ரெண்டு தட்டு தட்டினா ஓடிடுவான் மச்சி" என்றான். என்னோட ஃப்ரெண்ட் ஒருத்தி, "நேத்து ஈவ்னிங் என் பின்னாடியே வந்தான்டி. உயிரே போயிடுச்சு" என்று எழுதியிருந்தாள்.

நான் ஒரு பதில் டைப் பண்ணினேன். அழித்தேன். மறுபடி டைப் பண்ணினேன். திருவள்ளூர் வருகிற வரைக்கும் இதே வேலை. கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை. நான் சொல்ல நினைத்தது ஒரு மெசேஜில் அடங்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நம்ம பத்திரிகைக்குக் கவிதை கேட்டார்கள், எனக்கு இதுதான் வந்தது.

எனக்கு ஒரு மாமா இருக்கார். அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற செக்ஷனில் இருந்தவர். கை அவ்வளவு சுத்தம் என்று அம்மா சொல்வாங்க. நான் குழந்தையாக இருந்தபோது எனக்கு வெட்டி மிச்சமான தோலில் ஒரு பர்ஸ் தைத்துக் கொடுத்தார். அது இன்னும் என்கிட்ட இருக்கு.

அவருக்கு இருபத்தி நாலு வயசில் ஆரம்பித்தது. முதலில் தூக்கம் போச்சு. அப்புறம் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் மூடி வைத்துவிடுவார். "சாப்பாட்ல இன்னாவோ கலக்குறாங்கக்கா" என்பார். யாருமே பேசாதபோது யாரோ பேசுகிற குரல் கேட்கும். அந்தக் குரல் அவரைத் திட்டும். டாக்டர் அதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் சொன்னார். தமிழில் மனச்சிதைவு நோய் என்கிறார்கள். தெருவில் சொன்ன பெயர் வேறு. அதை இங்கே எழுத வேண்டியதில்லை, நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "மனநோயாளிகள் எல்லாரும் சாது" என்று சொல்லிவிட்டுப் போகிற கட்டுரை இல்லை இது.

நான் ஏழாவது படிக்கும்போது மாமா மாத்திரையை நிறுத்திவிட்டார். ஏழெட்டு மாசம். ஒரு நாள் சாயங்காலம் அருவாமனையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "யாரு வந்தாலும் வெட்டுவேன்" என்று கத்தினார். அம்மா என்னை ரூமில் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாங்க. ஆயா கிட்ட போனாங்க, "டேய் கண்ணு, குடுடா" என்று. அவர் தள்ளிவிட்டதில் ஆயா விழுந்து மணிக்கட்டு உடைந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட அந்தச் சத்தம் எனக்கு ரொம்ப வருஷம் கனவில் வந்தது. அதனால் ஸ்டேஷனில் என் ஃப்ரெண்டுக்கு வந்த பயம் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் பொண்ணுதான், நானும் அதே படிக்கட்டில்தான் ஏறணும்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. சொந்தக்காரர் ஒருத்தர், "ஒரு எடம் இருக்கு. கொண்டு போய் விட்டுட்டா அவங்க பாத்துப்பாங்க. சங்கிலி போட்டு வெச்சிருப்பாங்க, வெளிய வரமாட்டான்" என்றார். அப்பாவும் பாதி சம்மதித்த மாதிரிதான் இருந்தார். அம்மா ஒரே வார்த்தை சொன்னாங்க. "ஏர்வாடி ஞாபகம் இருக்கா?"

எனக்கு அப்போது ஏர்வாடி என்றால் என்ன என்று தெரியாது. நம்மில் நிறைய பேர் அப்போது பிறக்கவே இல்லை. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றி மனநோயாளிகளை வைத்துக்கொள்ளும் தனியார் விடுதிகள் நிறைய இருந்தன. அதில் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கட்டி வைக்கச் சொன்ன காரணம் "பாதுகாப்பு". அந்தப் பாதுகாப்புதான் அவர்களைக் கொன்றது.

அந்த மாசமே அங்கிருந்த அப்படிப்பட்ட விடுதிகளை அரசு மூடியது. சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. அதற்குப் பிறகு 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 95-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

அப்போ ஆபத்து இருக்கிற நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? அதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஒருவரால் தனக்கோ மற்றவர்களுக்கோ உடம்புக்கு ஆபத்து வரும் என்றால், அல்லது தன்னைத்தானே கவனித்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், அவர் சம்மதிக்காவிட்டாலும் அவருடைய நியமனப் பிரதிநிதி கேட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம். இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சரி என்று சொல்லணும், அதில் ஒருவர் மனநல டாக்டராக இருக்கணும். முதலில் 30 நாள் வரைக்கும்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி நடைமுறை. பயத்துக்கும் உரிமைக்கும் நடுவில் கோடு போடப் பார்த்திருக்கிறார்கள்.

அம்மாவும் அப்பாவும் மாமாவை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா கூடவே தங்கினாங்க. இந்த "கூடவே தங்குறது" நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை என்று பிறகு படித்தேன். சிஎம்சி 1957ல் வேலூர் பாகாயத்தில் மனநல மையம் ஆரம்பித்தபோதே குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு தங்கி, நோயையும் மருந்தையும் புரிந்துகொண்டு போகிற முறையை வளர்த்தெடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. மெட்ராஸில் 1794லேயே ஒரு மனநலக் காப்பகம் இருந்தது. இன்றைக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்று நாம் சொல்வது அதன் தொடர்ச்சிதான். உலகம் முழுக்க ரொம்ப காலம் இதற்கு ஒரே வழிதான் தெரிந்திருந்தது. ஊரை விட்டுத் தள்ளி, பெரிய மதில் கட்டி, உள்ளே வைப்பது. நோயாளி வீட்டுக்குத்தான் திரும்பி வரப்போகிறார், அதனால் வீட்டையும் தயார் பண்ணணும் என்பது பிறகு வந்த புத்தி.

அம்மா கற்றுக்கொண்டு வந்தது மூன்று விஷயம். ஒன்று, குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் "பொய் சொல்லாதே" என்று சண்டை போடக் கூடாது, "ஆமாம் கேக்குது" என்று ஒத்துக்கொள்ளவும் கூடாது. "எனக்குக் கேக்கல, ஆனா ஒனக்குப் பயமா இருக்குல்ல?" என்று கேட்கணும். இரண்டு, மாத்திரையைத் தூக்கிப் போட்டால் திட்டக் கூடாது, மாசத்துக்கு ஒரு ஊசி போடுகிற வழி இருக்கிறது. மூன்று, சாப்பிட மாட்டேன் என்றால் உரிக்காத வாழைப்பழமும் உரிக்காத அவிச்ச முட்டையும் கொடுக்கணும். தோல் மூடியிருப்பதில் யாரும் எதுவும் கலக்க முடியாதே. மாமா அதை நம்பிச் சாப்பிடுவார்.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு.

2018 ஏப்ரல், மே. எட்டாவது முடித்த லீவு. அப்போது தமிழ்நாட்டின் வடமாவட்டங்கள் முழுக்க ஒரு மெசேஜ் சுற்றியது ஞாபகம் இருக்கா? வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தல் கும்பல் வந்திருக்கிறது, பிச்சைக்காரன் மாதிரி, பைத்தியம் மாதிரி வேஷம் போட்டு வருவார்கள், உஷார் என்று. கூடவே எங்கேயோ எடுத்த ஒரு வீடியோ. அம்மா போனில் வந்த அதை நான்தான் எங்கள் ஸ்கூல் குரூப்புக்கும் தெரு குரூப்புக்கும் ஃபார்வர்டு பண்ணினேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். என் சித்தி பையனுக்கு அப்போ நாலு வயசு.

அந்த ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்டத்தில் (அப்போது அரக்கோணமும் அதே மாவட்டம்தான், ராணிப்பேட்டை பிரிந்தது 2019ல்) இந்தி பேசிய ஒரு ஆளைக் குழந்தை கடத்த வந்தவன் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. மே 9ஆம் தேதி போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த 65 வயசு அம்மா ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடிபட்டு இறந்தார். அதே சமயம் பழவேற்காட்டில், வீடு வாசல் இல்லாமல் சுற்றித் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஒருத்தர்கூடக் குழந்தை கடத்தியவர் இல்லை.

அதே மே மாசம். ஊசி போட வேண்டிய தேதி பத்து நாள் தள்ளிப்போயிருந்தது. மாமா காலையில் வீட்டை விட்டு நடந்து போய்விட்டார். சோளிங்கர் போகிற வழியில் ஒரு கிராமம். தாகத்துக்கு ஒரு வீட்டில் தண்ணி கேட்டிருக்கிறார். வீட்டில் பெரியவர்கள் இல்லை, இரண்டு பிள்ளைகள்தான். அவர் தனக்குத்தானே பேசியதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்திவிட்டன. பத்து நிமிஷத்தில் அவரைக் கரண்ட் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். அவருக்குப் பதில் வரவில்லை. பதில் வராததையே அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தில் ஒருத்தர் அவரோடு ஷூ கம்பெனியில் வேலை செய்தவர். "யோவ், இது எங்க செக்ஷன் ஆளுய்யா, ஒடம்பு சரியில்லாதவரு" என்று குறுக்கே விழுந்து தடுத்தார். அப்பாவுக்குப் போன் பண்ணினார். அப்பா வண்டியில் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பல் இரண்டு இல்லை. இடது கண் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து மாமா கேட்டது ஒன்றே ஒன்று. "நான் தண்ணிதானக்கா கேட்டேன்?"

என்னோட ஃபார்வர்டால்தான் அது நடந்தது என்று சொல்ல முடியாது. அந்த ஊருக்கு அது எந்த வழியாகப் போனதோ. ஆனால் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. அந்த வருஷம் ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி மாற்றியது. என்னைப் போன்றவர்களை நிறுத்தத்தான்.

மாமாவைத் தெரிந்த ஒருத்தர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பழவேற்காட்டில் இறந்தவரைத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்கு போடலாம், நாம் இன்ஜினியரிங் பசங்கதானே. உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறது. 2011 சென்சஸ்படி அரக்கோணம் நகராட்சியில் சுமார் 78 ஆயிரம் பேர். வகுத்துப் பாருங்கள், 260 வரும். இது தோராயம்தான். ஆனாலும் 260 பேர்! அவர்கள் எல்லாரும் அருவாமனை தூக்குகிறவர்களாக இருந்தால் நம்ம ஊரில் யாரும் மார்க்கெட்டுக்குப் போயிருக்க முடியாது. பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை. அடிப்பதைவிட அடி வாங்குவதுதான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. ஆபத்து கூடுவது சிகிச்சை நின்றுபோகும் நாட்களிலும் குடி, போதை சேரும்போதும். அப்போதும் அடி விழுவது பெரும்பாலும் எங்க ஆயா மாதிரி வீட்டு ஆட்கள் மேல்தான், ரோட்டில் போகிறவர்கள் மேல் இல்லை.

நாம் ப்ராபபிலிட்டி பேப்பரில் பேயஸ் தியரம் படித்து அரியர் வைத்தோமே, அதுதான் இது. "தாக்கியவருக்கு மனநோய் இருந்தது" என்பதும் "மனநோய் இருப்பவர் தாக்குவார்" என்பதும் ஒன்று இல்லை. முதலாவது நியூஸில் வரும். இரண்டாவதை நாமே போட்டுக்கொள்கிறோம்.

அப்போ பொது ஜனங்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் எது வேலை செய்யும்? விரட்டினால் அவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போவார். ஊசி போட்டால் வீட்டுக்குப் போவார். எனக்குத் தெரிந்த பதில் அவ்வளவுதான். மாமாவுக்கு 2018க்குப் பிறகு ஒரு ஊசிகூடத் தவறவில்லை. அம்மா காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவாங்க. கொரோனா லாக்டவுனில்கூட அப்பா எப்படியோ போய் வாங்கி வந்தார்.

திரும்ப ஸ்டேஷனுக்கு வருகிறேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை. என் ஃப்ரெண்டைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். அவள் பத்தடி தள்ளியே நின்றாள். "கிட்ட போகாதடி" என்றாள். நானும் கிட்ட போகவில்லை. தைரியம் காட்டுகிற இடம் இல்லை அது. டீக்கடை அண்ணனிடம் கேட்டேன். "நாலு நாளாச்சும்மா. இன்னா ட்ரெயின்ல வந்து எறங்குனாரோ. சோறு குடுத்தா தூக்கிப் போட்டுர்றாரு. பிஸ்கட் பாக்கெட் பிரிக்காம குடுத்தா மட்டும் வாங்கிக்கிறாரு" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கி, அவர் பார்க்கிற மாதிரி தூரத்தில் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி வந்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எடுத்து, தோலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, உரித்துச் சாப்பிட்டார். என் ஃப்ரெண்ட் மெதுவாகச் சொன்னாள், "அன்னிக்கு என் கையில பிஸ்கட் பாக்கெட் இருந்துச்சுடி. அதுக்குத்தான் பின்னாடி வந்தாரு போல." முந்தின நாள் "வந்தான்" என்று எழுதியவள் அவள்தான்.

அப்புறம் போன். 14416க்குப் போட்டோம். அது 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். எப்படி அணுகுவது, யாரிடம் சொல்வது என்று சொன்னார்கள். ரயில்வேக்கு 139. மூன்றாவது கால் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் போலீஸ் வந்தார். நான் சட்டத்தின் 100-வது பிரிவை போனில் எடுத்து வைத்திருந்தேன், சண்டை போடத் தயாராக. தேவைப்படவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரை போலீஸ் தன் பொறுப்பில் எடுக்கணும், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகணும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, குடும்பத்தைத் தேட வழக்கு பதியணும். "நீங்க காலேஜுக்குப் போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நாங்கள் போகவில்லை. அன்றைக்கு இன்டர்னல் டெஸ்ட். இரண்டு பேரும் ஆப்சென்ட்.

வண்டியில் ஏற அவர் முதலில் மாட்டேன் என்றார். கத்தினார். எல்லாரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். அந்தப் போலீஸம்மா அவசரப்படவே இல்லை. இருபது நிமிஷம் பக்கத்தில் நின்றார். கடைசியில் அவரே ஏறிக்கொண்டார், மிச்சம் இருந்த ஒரு வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு.

அவர் யார், எந்த ஊர் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒடியா பேசுகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்று மட்டும் இரண்டு வாரம் கழித்து அந்தப் போலீஸம்மா சொன்னார். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு அக்கா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அன்று ராத்திரி குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ் போட்டேன். "அவரை ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. அந்த போட்டோவ எல்லாரும் டெலீட் பண்ணுங்க ப்ளீஸ்." பாதிப் பேர் பண்ணினார்கள். மீதிப் பேருக்காகத்தான் இதை எழுதினேன்.

நண்பர்களே, அடுத்த முறை இப்படி யாரையாவது பார்த்தால் பயம் வந்தால் தள்ளியே நில்லுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் கேமராவைத் திறக்கிற விரலால் 14416 அழுத்துங்கள். யாராவது அடிபடுகிற நிலைமை என்றால் 112. உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தால், மறைக்காதீர்கள். நானும் நாலு வருஷமாக உங்களிடம் மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

இதை அனுப்புவதற்கு முன்னால் மாமாவிடம் படித்துக் காட்டினேன். எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எழுது. ஆனா நான் நல்லா தைப்பேன்னு போட்டியா?" என்று கேட்டார்.

போட்டிருக்கேன் மாமா.